மலை ஏற நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் அப்பாவுக்கு நான்கு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். இதுவரை அப்பா பஸ்ஸில் போய், அங்கிருந்து வாடகை ஜீப்பில் தோட்டத்துக்குச் செல்வார். இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அது முடியவில்லை. வாரம் ஒருமுறை நானே ஓட்டிச் செல்லும்படி ஒரு பழைய வண்டி வாங்க நினைக்கிறோம். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2012-ஆம் ஆண்டு பொலிரோ: டீசல், பின்சக்கர இழுவை, பவர் ஸ்டீயரிங் உண்டு, 1,40,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 3,60,000 ரூபாய். மற்றது 2008-ஆம் ஆண்டு ஜிப்சி: பெட்ரோல், நான்கு சக்கர இழுவை, 85,000 கிலோமீட்டர் ஓடியது, பெரிய டயர் மாட்டி உயர்த்தப்பட்டது, விலை 4,20,000 ரூபாய். “மலைக்குப் போகிற வண்டிக்கு ஃபோர் வீல் இல்லாவிட்டால் எப்படி?” என்று தம்பி ஜிப்சியையே வாங்கச் சொல்கிறான். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் இருநூறு மீட்டர் அளவுக்குச் செம்மண் ஏற்றம், மழையில் வழுக்கும். பத்து வருடம் கடந்த டீசல் வண்டிகளைத் தடை செய்துவிடுவார்கள் என்றும் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பொலிரோவை வாங்குங்கள். நான் கீழே சொல்கிற சோதனைகளில் அது தேற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தேறவில்லை என்றால் வேறொரு பொலிரோவைத் தேடுங்கள். உங்கள் தேவைக்கு அந்த ஜிப்சி பொருந்தாது. ஜிப்சி நல்ல வண்டி, நான் மிகவும் மதிக்கிற வண்டி. உங்கள் தம்பி அதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் அவர் சொல்லும் காரணத்தில் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. கோரிமேட்டில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் அதே எண்ணம் இருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஜிப்சியை வாங்கினால் இந்த இருபது வளைவுகளிலும் நான்கு சக்கர இழுவையை நீங்கள் பயன்படுத்தவே முடியாது, பயன்படுத்தவும் கூடாது. ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும். பின்சக்கரங்கள் உள்ளொதுங்கிச் சிறிய வட்டத்தில் போகும். ஆகவே முன்சக்கரங்கள் கூடுதல் தூரம் உருள வேண்டும். ஜிப்சியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பல் சக்கரத் தொகுதி) கிடையாது. ஃபோர் வீலில் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுற்றும்படி ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் டயர் சறுக்காது. முறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), புரப்பெல்லர் ஷாஃப்ட் (அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் நீளத் தண்டு), கிராஸ் (அந்தத் தண்டின் மூட்டு) ஆகியவற்றில் போய்ச் சேரும். ஸ்டீயரிங் இறுகும், வண்டி குலுங்கும், பல் சக்கரங்கள் தேயும். கொண்டை ஊசி வளைவைப் போல இறுக்கமான திருப்பம்தான் இதற்கு மிக மோசமான இடம்.

ஆகவே மலைச்சாலையில் ஜிப்சியும் பின்சக்கர இழுவை வண்டிதான், பொலிரோவும் பின்சக்கர இழுவை வண்டிதான். கேள்வி உங்கள் தோட்டத்து மண்பாதையோடு சுருங்கிவிடுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் செம்மண் ஏற்றத்தோடு.

அந்த இடத்தில் ஜிப்சியின் அருமையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதன் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை, லோ என இரண்டு பற்சக்கர விகிதங்கள் உண்டு: ஹையில் 1.409, லோவில் 2.268. லோவில் போட்டால் அதே எஞ்சின் அதே கியரில் சக்கரத்துக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலான இழுவிசையைத் தரும். ஈரச் சருகு மூடிய ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைப் பலமாக அழுத்தாமல் ஊர்ந்தபடி ஏறிவிடலாம். இறங்கும்போது எஞ்சினின் பிடிப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போவதால் பின்பக்கம் விலகாமல் இறங்கலாம். இத்தனையும் உண்மை. ஆனால் நான்கு சக்கர இழுவை என்றால் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடி இழந்தால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஜிப்சியும் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வண்டியின் முன்சக்கர ஹப்புகளில் கையால் திருப்பும் பூட்டு இருந்தால், ஃபோர் வீல் போடுவதற்கு முன் மழையில் கீழே இறங்கி இரண்டு பக்கமும் திருகிவிட்டு வர வேண்டும். திரும்பித் தாருக்கு வந்ததும் மறக்காமல் விடுவிக்க வேண்டும்.

பொலிரோ அந்த ஏற்றத்தில் எப்படி நடந்துகொள்ளும்? காலியாக இருந்தால் சிரமம். கனமான டீசல் எஞ்சின் முன்பக்கம் இருக்கிறது, பின்பக்கம் லேசாக இருக்கிறது. ஈரச் செம்மண்ணில் பின்சக்கரங்கள் சுழலும். ஆனால் ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாயும்; பின்னால் உரமோ காபியோ மூன்று நான்கு மூட்டைகள் இருந்தால் அந்தப் பாரமும் பின் அச்சின்மேல் விழும். இழுக்கும் சக்கரத்தின் மேல் பாரம் இருந்தால் பிடிப்பு கூடும். முன்சக்கர இழுவை உள்ள சிறிய கார்களில் இது தலைகீழாக நடக்கும்: பின்னால் சுமை ஏற ஏற, இழுக்கும் முன்சக்கரங்கள் லேசாகும். தோட்டத்துக்குப் போகிற வண்டி பின்சக்கர இழுவையாக இருக்க வேண்டும் என்று மலைக்காரர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருவது இதனால்தான். நீங்கள் பார்த்த இரண்டு வண்டிகளுமே அந்த வகையில் சரியான தேர்வுகள்.

இனி எஞ்சின்கள். 2012 பொலிரோவில் இருப்பது 2,523 சி.சி. டர்போ டீசல்; 63 குதிரைத்திறன். ஜிப்சியில் 1,298 சி.சி. பெட்ரோல், 80 குதிரைத்திறன். இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் ஜிப்சி பலசாலி என்று தோன்றும். மலையில் பார்க்க வேண்டிய எண் வேறு: முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தண்டைத் திருகும் பலம். பொலிரோ 195 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,400 சுற்றுகளிலேயே தரத் தொடங்கிவிடும். ஜிப்சியின் உச்சம் 103 நியூட்டன் மீட்டர். அதையும் பெற எஞ்சினை 4,500 சுற்றுகளுக்கு ஏற்ற வேண்டும். பொலிரோ ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ளது என்பதால் இந்த வித்தியாசம் அப்படியே வேகமாக மாறாது. ஆனால் ஓட்டுகிறவருடைய காலுக்கும் கைக்கும் அது தெரியும். பொலிரோ வளைவில் மெதுவாகி, இரண்டாவது கியரில் முனகாமல் மீண்டும் எழும். ஜிப்சியில் கியரை இறக்கி, எஞ்சினைச் சத்தமாக ஓட்டினால்தான் மேலே போகும். மே மாதக் கோடை விழா நாட்களில், வளைவுக்கு வளைவு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஏற்றத்தில் நின்று நின்று கிளம்ப வேண்டியிருக்கும். குறைந்த சுற்றில் இழுக்கும் டீசல் எஞ்சினில் அரைக் கிளட்ச்சில் தவிக்க வேண்டிய நேரம் குறையும். கிளட்ச் பிளேட் பிழைக்கும்.

உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் காற்று அதே அளவுக்கு மெலிவதால் அதன் பலமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். 2008 ஜிப்சியில் எரிபொருளை அளந்து தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. அமைப்பு இருப்பதால், பழைய கார்புரேட்டர் வண்டிகளைப் போல மேலே போனதும் கரும்புகை கக்காது, பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது. டர்போ உள்ள டீசல் எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

பெட்ரோலைப் பற்றி இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-இல் தயாரான வண்டியின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் அந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மைலேஜும் சற்றுக் குறையும். ஜிப்சி வைத்திருப்பவர்கள் எரிபொருள் குழாய்களைப் புதிதாக மாற்றிவிட்டு, ஆண்டுதோறும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்துக்குப் போய்வர 80 கிலோமீட்டர், மாதம் நான்கு முறை என்றால் 320 கிலோமீட்டர். மலைப்பாதையில் பொலிரோ லிட்டருக்குப் பதினொன்றும் ஜிப்சி ஒன்பதும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், பெட்ரோல் விலையும் அதிகம் என்பதால், வித்தியாசம் மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் வரும். அதற்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. உதிரிபாகம்தான் பெரிய விஷயம். பொலிரோ 2000-ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை தயாரிப்பில் இருக்கிறது. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதன் சாமான் கிடைக்கும், அதைப் பிரிக்கத் தெரிந்த கைகள் கிடைக்கும். 1985-இல் வந்த ஜிப்சியின் பொது விற்பனை 2019-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எஸ்டீம் காரிலும் இதே வகை எஞ்சின் இருந்ததால் எஞ்சின் சாமான்களுக்கு அதிகம் அலைய வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு, உடல் தகடு என்று போனால் தேடித் திரிய வேண்டும்.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தக் கடிதத்தில் அதிகம் யோசித்தது அவரைப் பற்றித்தான். ஜிப்சியில் நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். முன்னாலும் பின்னாலும் கட்டியான அச்சு. நான்கு பேர் ஏறி, சுமையும் வைத்தால் ஓரளவு அடங்கும். நீங்களும் அப்பாவும் மட்டும் போனால் ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறும். உங்களுக்குக் காட்டிய வண்டி உயர்த்தப்பட்டிருக்கிறது, பெரிய டயரும் போட்டிருக்கிறது. அப்படியானால் ஏறுகிற படியின் உயரமும் கூடியிருக்கும். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்தவர் காலை அவ்வளவு தூக்கி வைத்து, உடலைத் திருப்பி உள்ளே நுழைவது நல்லதா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். அதில் பின்னால் அமர்பவர்களுக்குப் பக்கவாட்டில் தனிக் கதவுகளும் இல்லை. பொலிரோவும் தாழ்வான வண்டி அல்ல. ஆனால் அகலமான கதவு, காலை ஊன்றப் பக்கப் படி, கொஞ்சம் மென்மையான முன் ஸ்பிரிங் எல்லாம் இருக்கின்றன. படியில்லாத வண்டியாக இருந்தால் பட்டறையில் மாட்டிக்கொள்ளலாம். பிடித்து ஏற உள்ளே ஒரு கைப்பிடியும் பொருத்தச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டில் எதையும் நான் புகழமாட்டேன். அந்த ஆண்டுகளின் இந்த வண்டிகளில் காற்றுப்பையை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டும் உயரமானவை, வேகமாகத் திருப்பினால் சாயக்கூடியவை. முன்னால் அமர்பவர்கள் பெல்ட் போட்டே ஆக வேண்டும். பக்கவாட்டாக இருக்கும் பின்பலகையில் குழந்தைகளை உட்கார வைத்து மலைப்பாதையில் ஓட்டக் கூடாது.

அந்த ஜிப்சியின் பெரிய டயர் எனக்குக் கவலை தருகிறது. தொழிற்சாலை கொடுத்த அளவைவிடப் பெரிய டயர் போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடுகிறது, இழுவை குறைகிறது, ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுகிறது, சக்கர பேரிங்கும் முன் அச்சின் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் முளை) பேரிங்கும் சீக்கிரம் தேய்கின்றன. கிங்பின் பேரிங் தேய்ந்த ஜிப்சி, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் அடித்து ஆடத் தொடங்கும். கீழே நெடுஞ்சாலையில் அது நடந்தாலே உடல் நடுங்கும். அதோடு, வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் நிறுத்திவைக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைக் காரணமாக எடுக்கலாம்.

85,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பதிலும் மயங்க வேண்டாம். அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். மாற்றியதற்குப் பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். மலையில் அது அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும். பிரேக் பெடலை லேசாக்கும் வேக்குவத்தின் (வெற்றிடத்தின்) துணையும் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு போய்விடும்.

பொலிரோவைச் சோதிக்கும் முறைக்கு வருகிறேன். காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வரும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். ஆறிய எஞ்சின் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். முதலில் சிறிது புகை வந்து நிற்பது பரவாயில்லை. நீலப்புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்: அங்கிருந்து காற்று பலமாக ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அந்த வண்டியை விட்டுவிடலாம். இது மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சின். தெளிக்கும் இன்ஜெக்டர்கள் விலை அதிகம். டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீரை முந்தைய உரிமையாளர் ஒழுங்காக வடித்தாரா என்று கேளுங்கள். அவர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவராகப் பேசினால், இன்ஜெக்டர்களைச் சோதனைப் பெஞ்சில் வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

பிறகு கீழே படுத்துப் பார்க்க ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். புரப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்பது தெரியும். ஓடும்போது பின்னாலிருந்து ஊளையிடும் சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் அது மாறினால் பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் பல் சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. பட்டை ஸ்பிரிங்கில் தகடு உடைந்திருக்கிறதா, சேசிஸில் வெல்டிங் வைத்த தழும்பு உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்துக்கு ஓடிய வண்டி என்றால் சேறு ஒட்டிய இடங்களில் துரு இருக்கும். சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ஆறேழு வருடம் கடந்த டயராக இருந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பின் இரண்டுக்கும் மண்பாதைக்கு ஏற்ற, பட்டன் ஆழமான ஆல் டெரெயின் வகையை, பதிவில் உள்ள அதே அளவில் போடுங்கள். உங்கள் செம்மண் ஏற்றத்தில் அந்த இரண்டு டயர்கள் செய்யும் வேலையைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

காகிதங்கள். 2012 பொலிரோவின் பதிவு 15 வருடம், அதாவது 2027 வரைதான். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும். மத்திய அரசின் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. இதைச் சொல்லியே விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஜிப்சியின் பதிவோ 2023-லேயே முடிந்திருக்கும். அதைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்த வண்டியானாலும் கடன் பாக்கி இல்லை என்ற நிதி நிறுவனத்தின் கடிதம், படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 எல்லாம் கைக்கு வந்த பிறகே முழுத்தொகை.

பத்து வருட டீசல் தடை தில்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியையும் பற்றியது. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவில் தொடங்கிய அந்தக் கட்டுப்பாட்டுக்கும் சேலத்துக்கும் தொடர்பு இல்லை. இப்படிப் பயமுறுத்துகிறவர்களில் சிலர் பழைய டீசல் வண்டிகளைத் தாங்களே மலிவாக வாங்க நினைப்பவர்களாக இருக்கலாம். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வண்டிகளுக்கும் விலையில் அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பணத்தை அந்த இருநூறு மீட்டர் ஏற்றத்தில் போடுங்கள். தண்ணீர் பாதை நெடுக ஓடுவதால்தான் செம்மண் வழுக்குகிறது. ஏற்றத்தின் மேல்பக்கத்திலும் நடுவிலும் குறுக்கே சரிவாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பணத்தில், சக்கரம் போகும் இரண்டு தடங்களில் மட்டும் கருங்கல் பதித்து வாருங்கள். மிகச் செங்குத்தான பகுதியிலிருந்து தொடங்கி, பணம் எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு. பாதை பொதுவானது என்றால் பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வனத்துறை எல்லைக்குள் வருமானால் முதலில் அனுமதி கேளுங்கள். அப்படிச் சரிசெய்த பாதை, எந்த வண்டி வாங்கினாலும், அப்பா நடந்து போனாலும் பயன்படும்.

ஒரு வேதனையான உண்மையும் இருக்கிறது. காபிப் பழம் பறிக்கத் தொடங்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் பொலிரோவைத் தார் ஓரத்தில் நிறுத்திவிட்டு, மூட்டை இறக்க மட்டும் வழக்கமான வாடகை ஜீப்பைக் கூப்பிடுங்கள். வருடத்தில் சில நாட்களுக்காக, மீதி நாட்கள் முழுக்க அப்பாவின் இடுப்பைக் குலுக்கும் வண்டியை வாங்க வேண்டியதில்லை. தார்ச்சாலையிலிருந்து தோட்டம் வரை முழுக்கச் செங்குத்தான பாறை வழியாக இருந்திருந்தால், வாடகை ஜீப்பும் கிடைக்காத இடமாக இருந்திருந்தால், நானே ஜிப்சியைச் சொல்லியிருப்பேன். அதுவும் உயர்த்தாத, பழைய டயர் அளவிலேயே இருக்கும் ஜிப்சியை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இறக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் பட்டறைக்கு மேலிருந்து வரும் வண்டிகளில் பிரேக் லைனிங் கருகிய வாடையோடு வருபவை நிறைய. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். பொலிரோவில் பெரும்பாலும் அது இரண்டாவது கியர், வளைவு தளர்ந்த இடங்களில் மூன்றாவது. வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக ஒருமுறை பிடித்துவிட்டு முழுவதும் விடுங்கள். காலை மேலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தால் தகடு காய்ந்து பிடிப்பு குறையும். நியூட்ரலில் உருட்டுவதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் கூடவே கூடாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழிட்டால் பெடல் தரையைத் தொடும். வண்டி வாங்கிய அன்றே அதை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மேலே போய்ச் சேர்ந்ததும் டர்போ ஆற ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால், ஏறுகிறவருக்கே முன்னுரிமை. இறங்கும் நீங்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் வண்டியைக் கேட்டு வாங்கி, அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஒருமுறை நீங்களே ஓட்டிப் போய்வாருங்கள். தம்பியைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். ஏறும்போது வெப்பமானி முள் நடுவைத் தாண்டக் கூடாது. இறங்கும்போது ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கக் கூடாது. கீழே வந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்று மட்டும் தனியாகக் கொதிக்கக் கூடாது. இந்த ஓட்டத்துக்கு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.